அண்மையில் ஆடிய கம்ப்யூட்டர் கேம்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலை முடிந்த இரவுகளில் கம்ப்யூட்டர் கேம் ஆடுவது என் பழக்கம். எதை வாங்கலாம், எதில் என்ன இருக்கிறது, உனக்கு ஏன் இது இவ்வளவு பிடித்திருக்கிறது என்று நண்பர்களும் சொந்தக்காரர்களும் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அவர்கள் கேட்டதையும் நான் சொன்னதையும் இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன். எந்தக் கதையின் முடிச்சையும் அவிழ்க்கவில்லை, தைரியமாகப் படிக்கலாம்.

எல்லா வகை கேமும் ஆடுவீர்களா?

இல்லை. கால்பந்து, கார் பந்தயம், பத்துப் பேர் சேர்ந்து சுட்டுக்கொள்ளும் ஆட்டம் இவற்றின் பக்கம் நான் அதிகம் போவதில்லை. அவற்றைக் குறை சொல்லவில்லை, என் நாட்டம் வேறு.

பெரும்பாலான கேம்களில் வளர்வது திரையில் இருக்கும் பாத்திரம்தான். முதல் லெவலில் துருப்பிடித்த கத்தியோடு தொடங்கும் வீரன் நாற்பதாவது லெவலில் மலையையே பிளப்பான். ஆடுகிறவர் அழுத்தும் பட்டன்கள் மட்டும் கிட்டத்தட்ட அப்படியே இருக்கும். இன்னொரு வகை உண்டு. அதில் பாத்திரம் முதல் நிமிடத்தில் எப்படி இருந்ததோ கடைசி வரை அப்படியேதான் இருக்கும். மாறுவது உங்களுக்குத் தெரிந்த விஷயங்கள் மட்டும். அவுட்டர் வைல்ட்ஸ், ரிட்டர்ன் ஆஃப் தி ஓப்ரா டின், ப்ளூ பிரின்ஸ் மூன்றும் பெரும்பாலும் இந்த வகை. சினிமாவிலும் நாவலிலும் துப்பறிவாளர் கண்டுபிடிப்பதை நாம் கூடவே இருந்து பார்க்கிறோம். இங்கே கண்டுபிடிக்க வேண்டியது நாமே. நாம் கண்டுபிடிக்கவில்லை என்றால் கதை அங்கேயே நிற்கும், யாரும் வந்து நகர்த்த மாட்டார்கள். கேம் என்ற கலையால் மட்டுமே முடிகிற காரியம் இது என்று நான் உறுதியாக நம்புகிறேன். அதனால்தான் நேரம் கிடைக்கும்போதெல்லாம் இந்த வகையையே தேடிப் போகிறேன்.

ஒன்றே ஒன்று சொல்லுங்கள் என்றால் எதைச் சொல்வீர்கள்?

அவுட்டர் வைல்ட்ஸ். யோசிக்கவே மாட்டேன்.

2019-ல் வந்தது. செய்தவர்கள் மோபியஸ் டிஜிட்டல் என்ற சிறிய அமெரிக்கக் குழு. அலெக்ஸ் பீச்சம் என்பவர் தென் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் முதுகலைப் படிப்புக்காகச் செய்த மாணவர் திட்டம்தான் இதன் விதை. 2020-ல் ஆண்டின் சிறந்த கேமுக்கான பிரிட்டனின் பாஃப்டா விருது இதற்குக் கிடைத்தது.

டிம்பர் ஹார்த் என்ற குட்டிக் கிரகத்தில் நான்கு கண் கொண்ட மக்கள் வாழும் ஒரு கிராமம். அங்கே நீங்கள் புதிதாகப் பயிற்சி முடித்த விண்வெளிப் பயணி. மரப்பலகைகளை ஒட்டிச் செய்தது போன்ற ஒரு விண்கலம் தருகிறார்கள். எங்கே போக வேண்டும் என்று யாரும் கட்டளை இடுவதில்லை. கிளம்புகிறீர்கள். 22 நிமிடத்தில் சூரியன் வெடித்துச் சிதறுகிறது. கண் திறந்தால் மறுபடியும் அதே கிராமம், அதே நெருப்பு, அதே வானம். ஊரில் யாருக்கும் எதுவும் நினைவில் இல்லை, உங்களுக்கு மட்டும் எல்லாம் நினைவிருக்கிறது.

இந்தச் சூரிய மண்டலம் உங்களுக்காகக் காத்திருப்பதில்லை. நீங்கள் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் ஒவ்வொரு கிரகத்திலும் அதனதன் வேலை நடந்துகொண்டே இருக்கிறது. ஒன்றையொன்று சுற்றிவரும் இரட்டைக் கிரகங்களில் ஒன்றிலிருந்து மற்றதற்கு மணல் தூணாகக் கொட்டுகிறது. முதல் சில நிமிடங்கள் திறந்து கிடக்கும் குகைகள் பிறகு மணலில் மூடிவிடும். அதே நேரத்தில் மறுபக்கம் புதைந்திருந்த கட்டடங்கள் வெளியே தலைகாட்டும். இன்னொரு கிரகம் உள்ளே வெற்று, அதன் நடுவில் ஒரு கருந்துளை. மேல் ஓடு துண்டு துண்டாக உடைந்து அதற்குள் விழுந்துகொண்டே இருக்கும். வேறொன்று முழுக்கக் கடல். அங்கே சூறாவளிகள் தீவுகளையே தூக்கி வானத்துக்கு எறிகின்றன. எந்த இடத்துக்கு எந்த நிமிடத்தில் போக வேண்டும் என்பதே பாதிப் புதிர்.

பழங்காலத்தில் அங்கே வாழ்ந்து அழிந்துபோன நோமை என்ற இனத்தவர் சுவர்களில் சுருள் சுருளாக எழுதிவைத்த உரையாடல்களைப் படித்துத்தான் எல்லாவற்றையும் தெரிந்துகொள்கிறோம். அவை செத்துப்போன கல்வெட்டாகத் தோன்றுவதில்லை. விஞ்ஞானிகள் சண்டை போடுகிறார்கள், கிண்டல் செய்கிறார்கள், ஒருவர் கணக்கை இன்னொருவர் திருத்துகிறார், காதலிக்கிறார்கள். அவர்கள் எதைத் தேடினார்கள் என்று மெல்ல மெல்லப் புரியும்போது உண்மையாகவே நெஞ்சு கனத்தது.

சாவி என்று ஒன்று இந்த ஆட்டத்தில் கிடையாது. கடைசியில் போய்ச் சேரும் இடத்தின் வழி முதல் நாளிலிருந்தே திறந்துதான் இருக்கிறது. எல்லாம் தெரிந்த ஒருவர் தொடக்கத்திலிருந்து 22 நிமிடத்துக்குள் முழு ஆட்டத்தையும் முடித்துவிடலாம். தெரியாத நமக்கு அதுவே பல வாரம். முடித்த பிறகு மறுபடி அதே கண்ணோடு ஆட முடியாது என்பதுதான் இதில் எனக்கு இருக்கும் ஒரே வருத்தம்.

ஆண்ட்ரூ பிராலோவின் இசையையும் சொல்ல வேண்டும். ஆளுக்கொரு கிரகத்தில் தனியாக இருக்கும் சக பயணிகள் ஆளுக்கொரு வாத்தியம் வாசிக்கிறார்கள்: பாஞ்சோ, புல்லாங்குழல், மத்தளம், மவுத் ஆர்கன். உங்கள் கையிலுள்ள சிக்னல் கருவியை வானத்தில் திருப்பத் திருப்ப ஒவ்வொருவர் வாசிப்பும் தனித்தனியாகக் கேட்கும். தூரத்தில் ஓரிடத்தில் நின்றுகொண்டு திருப்பினால் எல்லாம் ஒன்றுசேர்ந்து ஒரே பாட்டாகிவிடும். ஹெட்போன் போட்டு ஆடுங்கள்.

நானும் வாங்கினேன். விண்கலம் எதிலாவது மோதிக்கொண்டே இருக்கிறது. எங்கே போவது என்றும் புரியவில்லை. விட்டுவிடட்டுமா?

விட வேண்டாம். இதை ரொம்பப் பேர் சொல்கிறார்கள், காரணமும் இருக்கிறது. விண்வெளியில் உராய்வு இல்லை, எனவே கையை எடுத்தாலும் கலம் நிற்காது. பாதித் தூரம் வேகமெடுத்தால் மீதிப் பாதித் தூரம் எதிர்த்திசையில் உந்த வேண்டும். இலக்கின் வேகத்துக்கு நம் வேகத்தைச் சமப்படுத்தும் பட்டன் ஒன்று இருக்கிறது, அதைப் பழகிக்கொண்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. தானியங்கி ஓட்டமும் உண்டு. ஆனால் இடையில் சூரியன் இருக்கிறதா என்று அது பார்க்காது, நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

முதலில் பக்கத்திலிருக்கும் நிலாவுக்குப் போய்வாருங்கள். அப்புறம் அந்தக் கருந்துளைக் கிரகம். முட்செடி படர்ந்த டார்க் பிராம்பிள் பக்கம் ஆரம்பத்தில் போகாமல் இருப்பது நல்லது. கலத்துக்குள் ஒரு குறிப்பேட்டுத் திரை இருக்கும். கண்டுபிடித்ததையெல்லாம் அது கோடு போட்டு இணைத்துக் காட்டும், எந்த இடத்தில் இன்னும் பார்க்க வேண்டியது மிச்சமிருக்கிறது என்றும் சொல்லும். திசை தெரியாதபோது அதைப் பாருங்கள். செத்துப்போனால் எதையும் இழக்கவில்லை, தெரிந்துகொண்டது உங்களோடேயே இருக்கிறது.

யூடியூபில் யாராவது ஆடுவதைப் பார்த்தால் போதாதா?

மற்ற பல கேம்களுக்குப் போதும். நானே நீளமான கதை கேம்கள் சிலவற்றை அப்படித்தான் பார்த்தேன். ஆரம்பத்தில் சொன்ன அந்த மூன்றுக்கு மட்டும் தயவுசெய்து வேண்டாம். விடை தெரிந்தபின் இவற்றில் ஆடுவதற்கு ஒன்றும் மிஞ்சாது. நீங்கள் ஆடி முடித்தபின் இன்னொருவர் ஆடுவதைப் பாருங்கள், அது வேறொரு சந்தோஷம். நமக்குத் தெரிந்த உண்மைக்கு ஒரு அடி தள்ளி நின்றுகொண்டு அவர் தடவுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பது பெரிய பயிற்சி.

கறுப்பு வெள்ளையில் ஒரு கப்பல் கேம் பற்றிச் சொல்லிக்கொண்டே இருந்தீர்களே, அது என்ன?

ரிட்டர்ன் ஆஃப் தி ஓப்ரா டின். 2018-ல் வந்தது. லூகாஸ் போப் என்ற ஒரே ஆள் செய்தது. ஜப்பானில் வாழும் அமெரிக்கர் அவர். எல்லைச் சாவடியில் பாஸ்போர்ட் சரிபார்க்கும் அதிகாரியாக நம்மை உட்காரவைத்த பேப்பர்ஸ், பிளீஸ் என்ற கேமையும் 2013-ல் அவர்தான் செய்தார்.

ஓப்ரா டின் கிழக்கிந்தியக் கம்பெனியின் சரக்குக் கப்பல். லண்டனிலிருந்து கிழக்கு நோக்கிக் கிளம்பியது நன்னம்பிக்கை முனைக்கு வந்து சேரவில்லை, காணாமல்போனது என்று 1803-ல் அறிவித்துவிட்டார்கள். 1807-ல் இங்கிலாந்தின் பால்மவுத் துறைமுகத்துக்கு அது தானாக மிதந்து வருகிறது. உள்ளே உயிரோடு யாரும் இல்லை. நீங்கள் கம்பெனி அனுப்பிய காப்பீட்டு ஆய்வாளர். கப்பலில் இருந்த 60 பேருக்கும் ஒவ்வொருவராக மூன்று விஷயம் எழுத வேண்டும்: யார், என்ன ஆனார், யாரால்.

உங்கள் கையில் ஒரு கடிகாரம். ஒரு சடலத்தின் முன் அதைத் திறந்தால் அவர் இறந்த கணத்துக்குள் போய்விடுவீர்கள். முதலில் இருட்டில் சில நொடிகள் குரல் மட்டும் கேட்கும். பிறகு அந்தக் கணம் அப்படியே உறைந்து நிற்கும். துப்பாக்கியிலிருந்து வந்த புகையும் தெறித்த தண்ணீரும் அந்தரத்தில் நிற்க, அவற்றுக்கு நடுவே நீங்கள் நடந்து பார்க்கலாம். பெயர்ப் பட்டியல், ஓர் ஓவியர் வரைந்த குழுப் படங்கள், கப்பலின் வரைபடம் இவைதான் துணை. ஒருவருடைய உச்சரிப்பு, உடுப்பு, அவர் யாரோடு நிற்கிறார், எங்கே தூங்குகிறார் என்று கவனித்துக் கவனித்துப் பெயரைப் பிடிக்க வேண்டும்.

இதில் உள்ள ஓர் ஏற்பாட்டை நான் வியந்து பாராட்டுகிறேன். நீங்கள் எழுதியது சரியா என்று கேம் உடனே சொல்லாது. மூன்று பேருக்கு எல்லாமே சரியாக எழுதினால்தான் அந்த மூன்றையும் சேர்த்து உறுதிசெய்யும். இதனால் கண்ணை மூடிக்கொண்டு ஊகிப்பது வேலைக்காகாது. அதே சமயம் இரண்டு பேர் உறுதியாகத் தெரிந்தால் மூன்றாமவரைக் கொஞ்சம் துணிந்து போட்டுப் பார்க்க இடமும் இருக்கிறது. கண்டிப்பும் கருணையும் இவ்வளவு அளவாகச் சேர்ந்த விதியை வேறு எந்தப் புதிர் கேமிலும் நான் பார்த்ததில்லை.

கிழக்கிந்தியக் கம்பெனி என்றால் பள்ளிப் புத்தகத்தில் நமக்கு ஒரு முகம் தெரியும். இங்கே அதன் கணக்குப் புத்தகத்தின் முகம் தெரிகிறது. பட்டியலில் இந்தியாவிலிருந்து வந்த மாலுமிகளும் இருக்கிறார்கள். கடைசியில் ஒவ்வொருவர் குடும்பத்துக்கும் இழப்பீடா அபராதமா என்று கம்பெனி தீர்மானிப்பது நாம் எழுதிக் கொடுத்ததை வைத்துத்தான். ஒரு மனிதன் எப்படிச் செத்தான் என்பது ஒரு வரிப் பதிவாகச் சுருங்குகிறது. ஆட்டம் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் பிரசங்கம் செய்யவில்லை, அது எனக்கு ரொம்பப் பிடித்தது.

குறை என்றால், ஒரே காட்சியைத் திரும்பப் பார்க்க ஒவ்வொரு முறையும் கப்பலில் அந்தச் சடலம் கிடக்கும் இடத்துக்கு நடந்தே போக வேண்டியிருக்கிறது. பிற்பாதியில் இது சலிப்பூட்டும்.

ப்ளூ பிரின்ஸ் வெறும் அதிர்ஷ்டம்தான் என்கிறார்களே, உண்மையா?

பாதி உண்மை. ஆட்டம் இதுதான்: ஹெர்பர்ட் சின்க்ளேர் என்ற பெரியவர் தன் மாளிகையைச் சைமன் என்ற பையனுக்கு எழுதிவைத்துவிட்டு இறந்துபோகிறார். ஒரு நிபந்தனை உண்டு. 45 அறைகள் கொண்ட அந்த வீட்டில் 46-வது அறையைக் கண்டுபிடித்தால்தான் வீடு அவனுக்கு. ஒவ்வொரு கதவைத் திறக்கும்போதும் மூன்று அறைகளின் வரைபடம் காட்டப்படும், அதில் ஒன்றை நீங்கள் தேர்ந்தெடுத்தால் அந்த அறை அங்கே முளைக்கும். இப்படி 5 வரிசைக்கு 9 கட்டங்களில் வீட்டை நீங்களே அடுக்குகிறீர்கள். நடப்பதற்கு ஒரு நாளைக்கு இத்தனை அடி என்று கணக்கு. மறுநாள் காலையில் வீடு மறுபடி வெற்றிடம்.

டோண்டா ரோஸ் என்பவர் எட்டு வருடம் உழைத்துச் செய்து 2025 ஏப்ரலில் வெளியிட்டார். அந்த உழைப்பு ஒவ்வொரு சுவரிலும் தெரிகிறது. அலங்காரம் என்று நினைத்த ஓவியங்கள் பல நாள் கழித்துப் புதிராக மாறுகின்றன. ஏதோ அறையில் படித்த கடிதம் வேறோர் அறையின் பூட்டைத் திறக்கிறது. 46-வது அறையை அடைந்தால் ஆட்டம் முடிந்தது என்று நினைக்காதீர்கள், ஆழமான பகுதி அதற்குப் பிறகுதான்.

அதிர்ஷ்டம் விஷயத்துக்கு வருகிறேன். முதல் கட்டத்தில் எந்த அறை வந்தாலும் அதில் தெரிந்துகொள்ள ஏதோ ஒன்று இருக்கும், அதனால் சீட்டு சரியாக விழவில்லையே என்ற எண்ணமே வராது. பின்னால், என்ன செய்ய வேண்டும் என்று தெளிவாகத் தெரிந்துகொண்ட பிறகும், தேவையான இரண்டு அறைகள் ஒரே நாளில் வராமல் ஆட்டம் இழுத்தடிக்கும். விடை தெரிந்தவனைக் காக்கவைப்பது நியாயமில்லை. அந்த இடத்தில் இது தன் பலத்தையே மறந்துவிடுகிறது என்பது என் கருத்து. முதல் பகுதிக்காக மட்டுமே வாங்கினாலும் நஷ்டமில்லை. பேனாவும் நோட்டும் கட்டாயம். ஆங்கிலச் சொல் விளையாட்டைச் சார்ந்த புதிர்கள் நிறைய இருப்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

எனக்கு ஆங்கிலம் சுமார்தான். இவற்றையெல்லாம் ஆட முடியுமா?

அவுட்டர் வைல்ட்ஸின் ஆங்கிலம் எளியது, சின்னச் சின்ன வாக்கியங்கள். ஓப்ரா டின்னில் படிப்பதைவிடப் பார்ப்பதே அதிகம். இரண்டையும் ஆடலாம்.

டிஸ்கோ எலிசியம்தான் கடினம். எஸ்தோனியாவில் தோன்றிய குழு 2019-ல் வெளியிட்டது, முதன்மை எழுத்தாளர் ராபர்ட் குர்விட்ஸ். பத்து லட்சம் சொற்களுக்கு மேல் எழுத்து இருக்கிறது, சண்டை என்று தனியாக எதுவும் இல்லை, எல்லாமே பேச்சுதான். குடித்துக் குடித்து நினைவை இழந்த ஒரு துப்பறியும் போலீஸ்காரர் விடுதி அறையில் விழிக்கிறார். பின்புற மரத்தில் ஒரு பிணம் தொங்குகிறது, துறைமுகத்தில் தொழிலாளர் வேலைநிறுத்தம் நடக்கிறது. அவருக்குள் இருக்கும் 24 திறமைகள் 24 குரல்களாக அவரிடம் பேசுகின்றன: தர்க்கம் ஒன்று சொல்லும், பயம் ஒன்று சொல்லும், போதை ஆசை இன்னொன்று சொல்லும், யாரை நம்புவது என்பது உங்கள் பாடு. பல பத்தாண்டுகளுக்கு முன் நசுக்கப்பட்ட ஒரு புரட்சியின் குண்டுத் துளைகள் அந்த ஊர்ச் சுவர்களில் இன்னும் இருக்கின்றன. அந்தத் தோல்வியோடு மனிதர்கள் எப்படி வாழ்கிறார்கள் என்பதை இவ்வளவு பரிவோடு எழுதிய கேம் எனக்குத் தெரிந்து வேறில்லை. பகடை உருட்டித் தோற்றாலும் கதை நின்றுவிடாது. பல இடங்களில் தோல்விதான் இன்னும் நல்ல காட்சியைத் தருகிறது. கூட வரும் கிம் கிட்சுராகி என்ற அதிகாரியின் அமைதியான மரியாதையை என்னால் மறக்க முடியவில்லை.

2021-ல் வந்த பதிப்பில் எல்லா வசனங்களுக்கும் குரல் இருக்கிறது. காதால் கேட்டுக்கொண்டே படித்தால் ஆங்கிலம் சுமாராக உள்ளவர்களும் ஓரளவு தொடரலாம். ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் போதும். குடி, தற்கொலை எண்ணம், கெட்ட வார்த்தை எல்லாம் உண்டு, எனவே பெரியவர்களுக்கு மட்டும்.

ஹாலோ நைட் சில்க்சாங் முடித்தீர்களா?

இல்லை, பாதியில் நிற்கிறேன். 2019-ல் அறிவித்து 2025 செப்டம்பர் 4 அன்றுதான் வெளியிட்டார்கள். ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகரத்துச் சின்னஞ்சிறு குழுவின் வேலை. ஓவியமும் இசையும் கதாநாயகி ஹார்னெட்டின் பாய்ச்சலும் பார்த்துக்கொண்டே இருக்கலாம் போலிருக்கும். பாஸ் எனப்படும் பெரிய எதிரியோடு போடும் சண்டையும் ஒருவகையில் அறிவுதான், எதிரியின் அசைவைப் படித்துப் படித்துத்தான் ஜெயிக்கிறோம். எனக்குப் பிடிக்காதது வேறு. ஆரம்பத்திலேயே பல எதிரிகள் ஒரே அடியில் இரண்டு உயிர்ப்புள்ளியை எடுத்துவிடுகிறார்கள். செத்தால் பாஸ் இருக்கும் அறைக்குத் திரும்பவும் நெடுந்தூரம் தாவித் தாவிப் போக வேண்டும். அந்த நடையில் புதிதாகக் கற்க எதுவும் இல்லை. வெளியான கொஞ்ச நாளிலேயே தொடக்கப் பகுதி பாஸ்கள் சிலரின் கடுமையைக் குறைத்தார்கள், நல்ல காரியம் செய்தார்கள். விரல் வேகம் உள்ளவர்கள் தயங்காமல் வாங்குங்கள்.

பையன் எப்போதும் சீட்டுக் கட்டு கேம் ஆடுகிறான். பலாட்ரோ என்கிறான். அது சூதாட்டமா? (இது என் சித்தி கேட்டது)

இல்லை சித்தி. பயப்பட வேண்டாம். போக்கர் சீட்டு வரிசைகளை வைத்துப் புள்ளி சேர்க்கும் தனி ஆள் ஆட்டம் அது. உண்மைப் பணம் வைக்கவோ எடுக்கவோ அதில் வழியே இல்லை. ஒருமுறை விலை கொடுத்து வாங்கினால் அவ்வளவுதான், உள்ளே வேறு எதையும் காசுக்கு விற்பதில்லை. ஐரோப்பாவின் வயதுத் தரவரிசை அமைப்பு ஒரு கட்டத்தில் இதற்கு 18 வயது என்று போட்டது, 2025 பிப்ரவரியில் அதையே 12 என்று குறைத்தது. நம் நாடாளுமன்றம் 2025 ஆகஸ்டில் நிறைவேற்றிய சட்டம் தடுப்பது பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்களை. ஆன்லைன் ரம்மியில் பணம் போனது, வீடு போனது என்று கேட்டுப் பழகிய நமக்குச் சீட்டைப் பார்த்ததும் பதறுவது இயல்பு. ஆனால் இது வேறு.

ஆட்டத்தைப் பொறுத்தவரை இது ஓர் அற்புதமான கணித விளையாட்டு. ஒரு பக்கம் புள்ளி, மறுபக்கம் பெருக்கல் எண், இரண்டையும் பெருக்கி இலக்கைத் தாண்ட வேண்டும். 150 ஜோக்கர்கள் உண்டு, ஒவ்வொன்றும் விதியை ஒவ்வொரு மாதிரி வளைக்கும். எந்த ஜோக்கரோடு எது சேரும் என்ற கண்டுபிடிப்பில்தான் ருசி. பெயர் வெளியிடாத ஒரு கனடாக்காரர் லோக்கல்தங்க் என்ற புனைபெயரில் 2024 பிப்ரவரியில் வெளியிட்டார், ஒரே வருடத்துக்குள் 50 லட்சம் பிரதிகள் விற்றன. கவனிக்க வேண்டியது நேரத்தை. இன்னும் ஒரே ஓர் ஆட்டம் என்று ராத்திரி ஒரு மணியாகிவிடும். அதனால் பையனுக்கு நேரத்தை மட்டும் பேசி முடிவு செய்யுங்கள், போதும்.

தமிழர்களைப் பற்றிய கேம் ஏதாவது ஆடினீர்களா?

வெண்பா. 2023-ல் வந்தது. டொரண்டோவில் உள்ள விசை கேம்ஸ் குழு செய்தது. 1980-களின் கடைசியில் கனடாவுக்குக் குடிபெயர்ந்த ஒரு தமிழ்த் தம்பதி, வெண்பாவும் பாவலனும். அவர்களுக்குப் பிறந்த மகன் கவின். வெண்பாவுடைய அம்மாவின் கிழிந்தும் கறைபட்டும் போன சமையல் குறிப்பேட்டை வைத்துக்கொண்டு, காணாமல் போன படிகளை நாமே ஊகித்துச் சமைக்க வேண்டும். இட்லி, புட்டு, பிரியாணி என்று போகிறது. 2024-ல் சிறந்த அறிமுக கேமுக்கான பாஃப்டா விருதும், தனிக் குழுக்களின் கேம்களுக்கான ஐ.ஜி.எஃப். விழாவில் தலையாய விருதும் இதற்குக் கிடைத்தன.

இட்லித் தட்டுகளை எப்படி அடுக்கினால் ஆவி சரியாக ஏறும் என்பது ஒரு புதிராக வந்ததும் எழுந்து நின்று கைதட்டலாம் போலிருந்தது. நம் அடுக்களையில் எத்தனை அறிவு பேசாமல் கிடக்கிறது என்று வெளியே ஒருவர் காட்ட வேண்டியிருக்கிறது. வீட்டில் தமிழ் பேசத் தயங்கும் பிள்ளையைப் பார்த்து வெண்பா தவிக்கும் காட்சிகள், வெளிநாட்டில் பிள்ளை வளர்க்கும் யாரையும் கலங்கவைக்கும்.

குறை இரண்டு. மொத்தமே ஒன்றரை மணி நேரம் போல்தான் வரும். புதிர்களும் சுலபம், நம் வீட்டுச் சமையல் தெரிந்தவர்களுக்கு மிகச் சுலபம். இன்னும் நாலு சமையல் இருந்திருக்கலாமே என்ற ஆதங்கம் எனக்கு இன்னும் இருக்கிறது. அம்மாவோடு உட்கார்ந்து ஆடுங்கள். அடுத்த படி என்ன என்று அவர் சொல்லிவிடுவார்.

என் லேப்டாப் பழசு. எது ஓடும்?

பலாட்ரோ, ஓப்ரா டின், வெண்பா மூன்றும் அலுவலக வேலைக்கு வாங்கிய சாதாரண லேப்டாப்பிலேயே ஓடும். சில்க்சாங்கும் அதிகம் கேட்காது. டிஸ்கோ எலிசியத்துக்குக் கொஞ்சம் நல்ல இயந்திரம் வேண்டும். அவுட்டர் வைல்ட்ஸ், ப்ளூ பிரின்ஸ் இரண்டுக்கும் தனி கிராபிக்ஸ் கார்டு இருந்தால் நல்லது. ஸ்டீம் என்ற இணைய கேம் கடையில் வாங்கினால் 14 நாளுக்குள், ஆடிய நேரம் 2 மணிக்குக் குறைவாக இருந்தால் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். ஓடுமா ஓடாதா என்ற சந்தேகத்துக்கு இதுவே மருந்து.

இவ்வளவு பணம் போட்டு வாங்க வேண்டுமா? இலவசமாக இறக்கிக்கொள்ளலாமே?

திருட்டுப் பிரதி வேண்டாம். மேலே சொன்னவற்றில் பல, ஓரிருவரோ சிறு குழுவோ வருடக்கணக்கில் உழைத்துச் செய்தவை. அவர்கள் அடுத்ததைச் செய்ய முடிவது நாம் கொடுக்கும் காசில்தான். பொறுமை இருந்தால் போதும்: ஸ்டீமில் கோடையிலும் டிசம்பர் கடைசியிலும் பெரிய தள்ளுபடி வரும், விருப்பப் பட்டியலில் போட்டு வைத்தால் விலை குறையும்போது மின்னஞ்சல் வரும். எபிக் கடையில் ஒவ்வொரு வியாழக்கிழமையும் ஏதாவது ஒரு கேமைச் சட்டப்படியே இலவசமாகத் தருகிறார்கள்.

சிக்கிக்கொண்டால் விடையைத் தேடிப் பார்க்கலாமா?

அன்றைக்குப் பார்க்காதீர்கள். மூடிவைத்துவிட்டுத் தூங்குங்கள். ஓப்ரா டின்னில் எனக்கு விடை தெரிந்த பல பேர், கணினியிலிருந்து எழுந்துபோய் வேறு வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது பிடிபட்டவர்கள். இரண்டாவது, நோட்டில் எழுதுங்கள். தெரிந்தது ஒரு பக்கம், புரியாதது ஒரு பக்கம். புரியாத பக்கத்தில் எழுதிய கேள்வியே பல சமயம் விடையின் பாதியாக இருக்கும். மூன்றாவது, அதே கேமை முடித்த ஒரு நண்பரிடம் கேளுங்கள். எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று மட்டும் சொல்லச் சொல்லுங்கள், என்ன இருக்கிறது என்று சொல்ல வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஒரு வாரம் போயும் நகரவில்லை, ஆசையே போய்விடும் போலிருக்கிறது என்றால் தாராளமாகத் தேடிப் பாருங்கள். ஆனால் அந்த ஒரு புதிருக்கு மட்டும், அதற்கு அடுத்த வரியைப் படிக்காமல் பக்கத்தை மூடிவிடுங்கள்.

எதில் தொடங்குவது?

கேமே ஆடிப் பழக்கமில்லாதவர் வெண்பாவில் தொடங்கட்டும், ஒரே சாயங்காலத்தில் முடியும். அப்புறம் ஓப்ரா டின். அதில் விரல் வேகம் தேவையே இல்லை. முப்பரிமாண உலகத்தில் நடந்து பழக அது நல்ல இடம். அதன்பிறகு அவுட்டர் வைல்ட்ஸ். நாவல் படிப்பவர்களுக்கு நடுவில் எப்போது வேண்டுமானாலும் டிஸ்கோ எலிசியம். ப்ளூ பிரின்ஸைக் கடைசியில் வையுங்கள், அதைத் தொட்டால் மற்றவற்றுக்கு நோட்டில் இடம் இருக்காது.